தன் கையால் ஒரு கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஸ்டெனோ கோதைநாயகியைத் தெரியாதவர்கள் கிடையாது. நீதிபதி ஒரு வாக்கியத்தைச் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் அவளுடைய பென்சில் அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டிருக்கும். டைப் அடிக்க உட்கார்ந்தால் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னாள். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வடக்கு மாட வீதியில் தம்பி மதுசூதன் குடும்பத்தோடு இருக்கிறாள்.

கோர்ட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில், கோதை மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடுவாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். கோதையின் அணியில் ஐவரும் பெண்கள். கோவில்பட்டி, தேனி, ஈரோடு என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ராஜபாளையத்தில் இருப்பவள் யுவராணி. பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். இடுப்பில் கைக்குழந்தை. அணிக்குக் கோதைதான் தலைவி. எதிரி எந்தக் கதவு வழியாக வருவான் என்று அவள் சொன்னால் பெரும்பாலும் அந்தக் கதவு வழியாகத்தான் வருவான்.

கொரோனாவில் கோர்ட் மூடிக் கிடந்தபோது ஃபோனில் ஆரம்பித்த பழக்கம் அது. முதலில் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. பிறகு, தனக்கு இது நன்றாக வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. நன்றாக வருகிற ஒன்றை அரைகுறையாகச் செய்ய அவளால் முடியாது. மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போய், கேமிங்கிற்கென்றே தயாராகச் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி எரியும் விளக்குகள். பார்க்கச் சப்பரம் மாதிரி இருந்தது.

"பையன் ஆடுறதுக்கா மேடம்?" என்று கேட்டான் விற்றவன்.

"நான் ஆடறதுக்கு" என்றாள் கோதை. அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

வாங்கிய சில மாதங்களில் ஆட்டத்தின் நடுவில் அது தானாக அணைந்தது. மதுரைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். கடையில் ஆன் செய்து பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்கள். திரும்ப அணைந்தது. திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றார்கள். எலெக்ட்ரீசியன் பாண்டியைக் கூப்பிட்டு வீட்டின் எர்த் முதல் சுவிட்ச் வரை எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னாள். "ஒரு கொறையும் இல்லக்கா. கரண்டு கல்லு மாதிரி நிக்கிது" என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாநில அளவில் பெண்கள் அணிகளுக்கு மட்டும் ஒரு போட்டி. அதன் தகுதிச் சுற்று. கோதையின் அணி முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு எடுத்தால் போதும். "யுவராணி, நீ படிக்கட்டைப் பார்த்துக்கோ. நான் சொல்ற வரைக்கும் யாரும்…" என்று கோதை சொல்லிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. கருகிய வாடை மாடி முழுக்கப் பரவியது.

சற்று நேரத்தில் யுவராணி ஃபோன் செய்தாள். "அக்கா, எங்க போனிய? உங்க சத்தத்தையே காணும். அம்புட்டுப் பேரும் அப்படியே முழிச்சிக்கிட்டு நின்னோம். தோத்துட்டோம்க்கா."

கோதை ஃபோனை வைத்தாள். ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து கண்ணாடியைக் கழற்றினாள். விளக்குகளுக்குப் பின்னால், வாங்குகிறவர் கண்ணில் படாத அடித்தட்டில், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இருந்தது. அதில் கம்பெனி பெயரே இல்லை. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமில்லாமல் இருந்தது. வெடித்தது அதுதான். மதர்போர்டையும் கூடவே கருக்கியிருந்தது. கடைக்கு ஃபோன் செய்தாள். சீல் ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்துவிட்டீர்கள், இனி வாரண்டி கிடையாது என்று ஒருவன் ஒப்பித்தான்.

மறுநாள் வக்கீல் நம்பி விஷயத்தைக் கேள்விப்பட்டு, "கன்ஸ்யூமர் கோர்ட்ல போட்டுடலாம் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். வழக்கு எந்த வேகத்தில் நகரும் என்று கோதைக்குச் சொல்ல வேண்டியதில்லை. "போடலாம் சார். ஆனா எனக்கு அடுத்த மாசம் கம்ப்யூட்டர் வேணும்" என்றாள். தோற்ற அணிகளுக்குத் தகுதிச் சுற்றில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அது அடுத்த மாதம்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு கிளம்பியது. மதுசூதன் வங்கியில் வேலை பார்க்கிறவன். எதையும் ரசீதோடு முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"அக்கா, நல்ல பிராண்டா ஒண்ணு ரெடியா வாங்கிடலாம். நானே வாங்கித் தரேன். நீ எதுக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிண்டு அலையறே?"

"இனிமே ரெடியா வாங்கப் போறதில்லேடா. நானே மாட்டப் போறேன்."

"மாட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கத்துக்கறேன்."

"அவன் மூடிக் கொடுத்தது வெடிச்சதுன்னா கடையைத் திட்டலாம். நீ மாட்டினது வெடிச்சா யாரைத் திட்டுவே?"

"என்னைத்தான் திட்டிப்பேன். அது பரவாயில்லே. உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத பெட்டிக்கு முன்னாடி திரும்பவும் என்னால உட்கார முடியாது மது."

மதுவின் மனைவி ஸ்ரீஜா காபி டம்ளரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "அக்கா முடிவு பண்ணியாச்சு. நீங்க காபியைக் குடிங்கோ" என்றாள். பேச்சு அதோடு நின்றது.

கோதை செத்துப்போன கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு பழக ஆரம்பித்தாள். ஏற்கெனவே கெட்டுப்போனதை இனிமேல் கெடுக்க முடியாது என்பது பெரிய தைரியமாக இருந்தது. கோர்ட்டிலிருந்து வந்ததும் ஒரு வீடியோவைப் பார்ப்பாள், ஒரு பாகத்தைக் கழற்றுவாள், திரும்ப மாட்டுவாள். முதலில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பதே புரியவில்லை. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இன்ன ஒயர் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சோதித்ததில் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் மெமரியும் பிழைத்திருந்தன. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்கிற வெளிப்பெட்டி மூன்றும் புதிதாக வேண்டும்.

ராஜபாளையத்தில் மில்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் சோலைராஜின் கடையை யுவராணி சொன்னாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அங்கேதான் முதல் தடவை. யுவராணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கோதையின் கதம்பத்தையும் கோர்ட் புடவையையும் பார்த்துவிட்டு, "நீங்களாக்கா அது? குரலை வச்சு நான் வேற மாதிரில்லா நெனச்சிருந்தேன்" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சோலைராஜ் கோதை கேட்ட சாமான்களையெல்லாம் எடுத்து வைத்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கோதை கையில் வாங்கி எடை பார்த்தாள். செங்கல் மாதிரி கனத்தது.

"அக்கா, நானே மாட்டித் தந்திருதேன். செத்த நேர வேலை. கூலிகூட வேண்டாம்" என்றான் சோலைராஜ்.

"இல்லே தம்பி. நான் மாட்டிக்கறேன்."

"பொறவு போர்டு போச்சு, கம்பி வளைஞ்சிருச்சுன்னு எங்கிட்ட வரக் கூடாது. அதைக் கம்பெனியில திருப்பி எடுக்க மாட்டாவ."

"வர மாட்டேன்."

இரண்டாவது சனிக்கிழமை, கோர்ட் விடுமுறை. காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தாள். மதர்போர்டின் நடுவில் பிராசஸரை வைக்கும் சதுரக் குழி இருந்தது. அதில் முடி மாதிரி மெல்லிய கம்பிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நட்டுக்கொண்டு நின்றன. பழைய பிராசஸரைத் துடைத்து, இரண்டு விரலில் பிடித்து, குழிக்கு மேலே கொண்டுபோனாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் காற்றில் புடவைத் தலைப்பு கையில் உரசியது. விரல் ஒரு கணம் தளர்ந்தது. பிராசஸர் ஒரு மூலையாக விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். விழுந்த இடத்தில் சில கம்பிகள் பக்கத்துக் கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தன. எழுந்து கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்றாள். சோலைராஜ் சொன்னது நடந்துவிட்டது. மது சொன்னதும் நடந்துவிட்டது. இப்போது திட்டிக்கொள்ள ஒரே ஆள்தான் இருந்தாள். மனசாரத் திட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். ஃபேனை அணைத்தாள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

வளைந்த கம்பிகளை நிமிர்த்த முடியும் என்று எங்கோ பார்த்த ஞாபகம். தேடி எடுத்துப் பார்த்தாள். பட்டனை அழுத்தினால் முனை வரும் பென்சிலில் முனையை எடுத்துவிட்டு, அந்த வெற்றுக் குழாயைக் கம்பியின் தலையில் செருகி, மெதுவாக நிமிர்த்த வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் கம்பி ஒடிந்துவிடும். பென்சிலுக்கு அவளிடம் பஞ்சமா? ஆனால் வெளிச்சம்தான் போதவில்லை. ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

திடீரென்று குழிக்குள் வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மது ஃபோனின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நின்று பார்த்தானோ தெரியவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் காட்டு" என்றாள்.

காட்டினான். "ஒடிஞ்சுடப் போறதுக்கா" என்று முணுமுணுத்தான்.

"பேசாதே. உன் மூச்சு படறது."

ஃபேன் இல்லாத அறையில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. முதல் கம்பி நிமிர்ந்தது. அடுத்தது நிமிர்ந்தது. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சாய்ந்தது. கோதை கையை எடுத்து, உதறி, விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டு, மறுபடியும் குனிந்தாள். அவள் அவசரப்படவே இல்லை. கடைசியில் அதுவும் வரிசைக்கு வந்து நின்றது. மது டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கை நடுங்கறது. உனக்கு எப்படி நடுங்கலே?" என்றான்.

"நடுங்கித்து. பென்சிலுக்குத் தெரியாம பார்த்துண்டேன்."

மீதியெல்லாம் அவள் பழகிய வேலை. சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்து, ஆன் செய்தாள். பெட்டிக்குள் விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. மதுவின் முகம் விழுந்தது. கோதை பெட்டியைச் சுற்றி ஒருமுறை பொறுமையாகப் பார்த்தாள். திரைக்குப் போகும் ஒயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு மாற்றிச் செருகினாள். திரை வெளுத்தது. ஸ்ரீஜா சமையலறையிலிருந்து ஓடி வரும் அளவுக்கு மது கத்தினான். கோதை கத்தவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தகுதிச் சுற்று சித்திரை வெயிலில் வந்தது. மாடி அறை அடுப்பு மாதிரி கொதித்தது. முதல் ஆட்டத்தின் போது கோதையின் ஒரு காது ஹெட்போனிலும் மறு காது பெட்டியிலும்தான் இருந்தது. விசிறிச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் பகீரென்றது. எதிரிகள் இரண்டு தடவை அவள் எதிர்பாராத கதவு வழியாக வந்தார்கள்.

"அக்கா, என்ன யோசனையில இருக்கிய?" என்று யுவராணி அதட்டினாள். "பெட்டி அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஆட்டத்தப் பாருங்க!"

கோதை ஹெட்போனை இரண்டு காதிலும் இறுக்கிக்கொண்டாள். அந்த ஆட்டத்தையும் அடுத்ததையும் எடுத்தார்கள். தகுதி பெற்றார்கள்.

பிரதான போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். அங்கே கோயம்புத்தூர் அணி ஒன்று அவர்களை நார் நாராகக் கிழித்தது. கடைசி ரவுண்டு முடிந்தது. ஈரோட்டுப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னிக்குத் தோத்தது நாமதான். யார் கம்ப்யூட்டரும் தோக்கலே" என்றாள் கோதை. "எங்கே விட்டோம்னு எனக்குத் தெரியும். மூணாம் இடத்துக்கு ஆட்டம் பாக்கி இருக்கு. தண்ணி குடிச்சுட்டு வாங்கோ."

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் கடைசி ரவுண்டு வரை இழுத்தது. அதை எடுத்துக் கொடுத்தவள் யுவராணி. கோதை காட்டிய சன்னலை விட்டு நகராமல், பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு சுட்டு முடித்தாள்.

அடுத்த வாரம் யுவராணி தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர் எடுக்கப் போவதாகச் சொன்னாள். "நான் உங்கள மாதிரி உக்காந்து மாட்ட மாட்டேன்க்கா. பிள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு ஏது நேரம்? சோலைராஜ் அண்ணனையே மாட்டித் தரச் சொல்லப் போறேன். தப்பா?"

"ஒரு தப்பும் இல்லே" என்றாள் கோதை. "உன் முன்னாடி வச்சு மாட்டச் சொல்லு. உள்ளே போடறதை ஒவ்வொண்ணா உன் கையில வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் கொடு."

யுவராணி அப்படியே செய்தாள். சோலைராஜின் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தன் மடியில் வைத்துக் கனம் பார்த்ததாகவும், குழந்தை அதை விடாமல் கட்டிக்கொண்டு அழுததாகவும் ஃபோனில் சொல்லிச் சிரித்தாள்.