குடைத்துணிக் காக்காய்

காக்காயைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. என் பயமெல்லாம் ஒரு செத்த காக்காயிடம்தான். அதுவும் உயிரோடு இருந்தே இராத காக்காய்.

அப்பா இறந்த வருஷம் அது. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டி எங்கள் வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் புறவாசல் கோழிகளுக்கு நான்தான் காவல். கோழிக்கு இறைத்த குருணையைக் காக்கைகள் தின்று தீர்த்தன. அது போதாதென்று குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு போயின. பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டோம். அதில் முகம் பார்த்துவிட்டு வந்து தின்றன.

என் மாமா, அம்மாவின் தம்பி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். அப்பாவின் ஒடிந்த குடையிலிருந்து துணியைக் கிழித்து, வைக்கோல் திணித்துக் கட்டி, நிஜ இறகுகளைச் செருகி, முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். கூட்டாளி செத்துத் தொங்கும் இடத்துக்குக் காக்காய் வராதாம்.

"இனி ஒண்ணு இங்கன எட்டிப் பாக்குதான்னு பாருட்டி" என்றார்.

அன்று சாயங்காலம் ஊர்க் காக்கைகளெல்லாம் மரத்துக்கு மேலே கூடி அலறின. மறுநாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. குஞ்சுகள் பிழைத்தன. மாட்டிக்கொண்டது நான்தான். காற்றில் அது சுற்றித் திரும்பும்போதெல்லாம் என்னைத் தேடுவதுபோல் இருக்கும். புறவாசலில் சுவரை ஒட்டியே ஓடுவேன்.

அமாவாசை வந்தது. அம்மா லீவு போட்டு, தலைக்குக் குளித்து, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தாள். அப்பாவுக்கு அமாவாசைதோறும் அதுதான் படையல். இலையை மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். காக்காய் வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட முடியும். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. சோறு காய்ந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவின் தொண்டை கம்மிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அவியளுக்கு என்ன மனக்குறையோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா ஆகாசத்தைப் பார்த்து, "இன்னும் கோவம் தீரலியா உங்களுக்கு?" என்றாள். அம்மா பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"குடையைக் கிழிச்சதுக்காம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சட்டென்று முருங்கை மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய் அரிவாளால் கயிற்றை அறுத்தாள். அது என் காலடியில் வந்து விழ, நான் வீறிட்டேன். அம்மா அதை எடுத்து வைக்கோல் படப்புக்குள் திணித்தாள்.

வெகுநேரம் கழித்து ஒரு காக்காய் மதிலில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சோற்றை வாய் நிறையத் தின்றது. தின்ற கையோடு கீழே பாய்ந்து ஒரு குஞ்சைக் கவ்வியது. தாய்க்கோழி கதறிக்கொண்டு துரத்தியது. நான் கல்லை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுட்டி. அவிய சாப்ட்டுட்டாவ" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒடிந்த குடைக்கு இவ்வளவு கோபமா என்று அப்பாமேல் எனக்கு வருத்தமாக இருந்தது. கடைசியாக வேலைக்குக் கிளம்பிய காலையில் அப்பா அம்மாவோடு சண்டை போட்டு, உளுந்தஞ்சோற்றைத் தொடாமல் எழுந்து போனதும், பிறகு திரும்பாததும் எனக்குத் தெரியும். அந்தத் தட்டைக் கோழிகளுக்குக் கொட்டியதே நான்தான். அந்தச் சண்டையையும் அம்மா ஆகாசத்தைப் பார்த்துக் கேட்டதையும் சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது தெரியவில்லை.