பெண்களை ஏறெடுத்துப் பார்க்காத பையன்

சென்ற ஞாயிறன்று தெப்ராவில் ஒரு திரையரங்கில், பாதிப் படத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்: "அங்கிள், உக்காருங்க லா! ஒண்ணுமே தெரியல!"

மேடைகளில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொனியில் எவரும் சொன்னதில்லை.

குடும்பப் படம் என்று அழைத்துப் போனவள் என் மனைவி. உடன் வந்தவன் என் தங்கை மகன். குணா என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வேலை, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

படத்தின் நாயகனுக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம். வீட்டார் அதை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். சம்பந்தம் பேசும் காட்சியில் குடும்பத்துப் பெரியவர் மீசையைத் தடவியபடி சொல்கிறார்: "எங்க பையன் பொண்ணுங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டான்!"

அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஏன் தெரியுமா? சில நாள்களுக்கு முன்தான் தங்காக்கிலிருந்து, குணாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தந்தை என்னை அழைத்திருந்தார். சம்பந்தம் முடிவாகுமுன் மதிப்புள்ள ஒருவரிடம் பையனைப் பற்றி விசாரிப்பது நம்மவர் வழக்கமல்லவா? தாய்மாமன் என்று தெரிந்தும் என்னிடமே விசாரித்தார். அத்தனை நம்பிக்கை! நானும் நற்சான்று வழங்கினேன்... ஏறக்குறைய அதே சொற்களில்.

"எந்திரிங்க, போலாம். இதெல்லாம் ஒரு படமா?" என்றேன்.

"நீங்க போங்க மாமா. நான் முழுசாப் பாத்துட்டு வரேன்," என்றான் குணா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன். பிற்பாதியில் அந்த மருமகள் புதுப்புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். "எங்கிட்ட என்ன குறை?" என்று மாமியாரிடம் கேட்கிறாள். பெரியவர் நாளிதழைப் புரட்டுகிறார்.

கார் நிறுத்துமிடத்தில் குணா வாய் திறந்தான். "தீபாவளிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான் மாமா. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்னு என் வாயை அடைச்சிட்டீங்க."

தெரியாதது போல் நடிக்க முயன்றேன். முடியவில்லை.

"அந்தப் பொண்ணு பாவம் மாமா. நான் வேணாம்னா யாரும் கேக்கப் போறதில்ல. நீங்க கொடுத்த வார்த்தை. நீங்கதான் திருப்பி வாங்கணும்."

என் மனைவி காரின் கதவைத் திறந்தாள். அவள் ஏன் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாதி, சம்பளம், சிகரெட் என்று பையனைப் பற்றி எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். இந்த வாழ்க்கையில் உனக்கு விருப்பமா என்று அவனிடம் கேட்கிறோமா? கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற அச்சம்!

மறுநாள் காலை தங்காக்கில் பெண்ணின் தந்தையை அழைத்தேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றேன். அவர் கேட்டார்:

"பையன்கிட்ட ஏதாச்சும் குறைங்களா சார்?"

"பையனிடம் ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன வார்த்தையில்தான் குறை."

"உங்களப் பெரிய மனுசன்னு நெனச்சேன் சார்," என்று இணைப்பைத் துண்டித்தார்.

நாளிதழில் வரும் என் பத்திக்காக எழுதிய இதை அச்சுக்கு அனுப்புமுன் குணாவிடம் படித்துக் காட்டினேன். ஊரையும் உறவையும் மாற்றினால் போதும் என்றான். மாற்றிவிட்டேன்.

பத்தியின் மேலே அச்சாகும் என் பெயரை மட்டும் மாற்றவில்லை.