தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு ஒரு சாட்சி

பண்டமாரான் சரக்குக் கிடங்கின் வாசலைத் தாண்டி நூறு அடி நடந்திருப்பேன். தோளில் துணிப்பை. வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் ஏழெட்டு மாதம் ஆனால் கால் தானாக வெளியே போகும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நாளிலிருந்து அப்படித்தான். ஜொகூர் பக்கம் போகலாம் என்று பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தபோது கைப்பேசி அடித்தது.

“அண்ணே, நீங்க முன்ன பந்திங் எஸ்டேட்ல இருந்தவருதானே?” பெண் குரல்.

“யாரு?”

“பிரிக்பீல்ட்ஸ்லேருந்து பேசறேன். காசு வாங்காம கேஸ் பாக்குற ஆபிஸ். உங்க மேல கேஸ் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க.”

“அப்படிச் சொன்னாதான் பயமா இருக்கு.”

சிரித்துவிட்டு, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டார். நான் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது செம்பனைக் குலை வெட்டும் ஒரு கூட்டாளி வீட்டில், பக்கத்து அறையில் குடியிருந்தேன். அவனுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது ஆவதற்குள் இறந்துபோயிருந்தன. மூன்றாவது பெண் வீட்டிலேயே பிறந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் ஆட்களிடம் இருந்த வழக்கம். வேறு யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்து, முதல் இரண்டையும் கொண்டுபோனது இதை விட்டுவிடும் என்று நம்பிக்கை. கோழி வளர்ப்பவர் ஒருவரிடம் தவிடு வாங்கிவந்தவன் நான்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து தாயின் மடியிலேயே போட்டார். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. பிறப்புப் பதிவில் தகப்பன் என்று தன் பெயரை எழுதிக் கொடுத்தால் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்று கூட்டாளி பயந்தான். “ஒரு வருஷம் போவட்டும்டா” என்றான். வருடம் போனது. அப்புறம் ஏன் தாமதம் என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. எஸ்டேட்டை மூடி ஆட்கள் சிதறினார்கள். நானும் எங்கோ போய்விட்டேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகி, பள்ளிக்கூடத்தில் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டபோதுதான் அவன் பதிவு இலாகா கவுண்டருக்குப் போயிருக்கிறான். ஏன் பதியவில்லை என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறான்: பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விற்றுவிட்டோம். அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து கோப்பில் அவள் விற்கப்பட்ட குழந்தை. யார் பெற்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. தாய், தகப்பன், வாங்கிய அக்கா மூவரும் இப்போது உயிரோடு இல்லை. அவள் கிள்ளானில் அத்தை வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஐசி வாங்க, பார்த்த சாட்சியாக மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்றார் போனில் பேசியவர்.

கிள்ளானிலிருந்து ரயில் ஏறினேன். அந்த ஆபிஸ் ஒரு பூக்கடைக்கு மேலே, செங்குத்தான படிகள் ஏறிப்போனால் இருந்தது. நான்கு மேசை, ஒரு சத்தமான காற்றாடி. வழக்கறிஞர்கள் அவரவர் வேலைக்கு நடுவே மதிய இடைவேளையில் வந்து உட்காருகிறார்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மூலையில் யாருடைய மனுவையோ மலாயில் எழுதிக்கொண்டிருந்தார். மகள் வயதிருக்கும் ஒரு வழக்கறிஞர் நாசி லெமாக் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்தார்.

“அங்கிள், நீங்க கண்ணால பாத்தீங்களா? பிள்ளை அம்மாகிட்டயேதான் இருந்துச்சா?”

“நடுச்சாமத்துல அழும். சுவத்துக்கு இந்தப் பக்கம் தூக்கம் கெட்டவன் நான்.”

“அத அப்படியே போடறேன்” என்றார்.

அந்த நேரத்தில் அவள் வந்தாள். துணிக்கடையில் வேலை, அனுமதி கேட்டு ஓடிவந்திருந்தாள். ஐசி இல்லாததால், பெரிய சாலையில் போலீஸ் சோதனை இருக்கும் என்று பின்சந்து வழியாகவே நடக்கிறவள். அவள் பெயரும் படமும் சேர்ந்திருந்த ஒரே அட்டை ஆரம்பப் பள்ளி நூலக அட்டைதான். அதையும் கோப்பில் வைத்திருந்தார்கள்.

“நீங்கதான் என்னை வித்த ஆளா?” என்றாள்.

“வித்தது உங்கப்பா. நான் தவிடு கொண்டாந்தவன்.”

“எவ்ளோ தவிடு?”

“ஒரு முறம்.”

“அவ்ளோதானா? கொஞ்சம் பேரம் பேசியிருக்கலாம் லா, அங்கிள்.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு வழக்கறிஞர் என் ஐசியைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்த அட்ரஸ்ல யாரு இருக்கா?”

“ஹைவே இருக்கு, மேடம். லோரியெல்லாம் போவுது.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சத்தியப் பிரமாணத்தில் இன்றே கையெழுத்துப் போட்டுவிடலாம், அது சுலபம் என்றார். அதன் பிறகு பதிவு இலாகாவில் சாட்சியை நேரில் விசாரிக்க அழைப்பார்கள். மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அழைப்பு கடிதமாக வரும். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பிப் போனால் சாட்சியும் போச்சு. அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

“ஆபிஸ் அட்ரஸ போடக்கூடாதா?”

“எங்க ஆபிஸ்ல படுத்துத் தூங்குறவரு சாட்சின்னா நம்புவாங்களா, அங்கிள்? நீங்க இருக்குற எடம் வேணும். இப்ப எங்க வேல?”

“இன்னிக்குக் காலையிலதான் விட்டேன்.”

காலையில் என்னைப் போனில் அழைத்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நேத்துக் கூப்பிட்டிருக்கணும்ணே!”

 துணிக்கடையிலிருந்து வந்தவள், பழகியவள் போல நூலக அட்டையைக் கோப்புக்குள் நேராக்கி வைத்தாள். ஐசி கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தாதியர் பயிற்சிக்கு மனுப் போடுவாளாம். அதற்கு வயது ஏறிக்கொண்டே போகிறதாம்.

அந்த ஆபிசுக்குச் சிலர் பணம் தருகிறார்கள், சிலர் படித்த படிப்பைத் தருகிறார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. ஓர் இடத்தில் ஒரு வருடம் இருப்பது மற்றவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. எனக்கு அது எந்தக் கிடங்கு வேலையையும்விடக் கடினம். சத்தியப் பிரமாணத்தில் முகவரிக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விடச் சொன்னேன். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் காலை சுங்கை பூலோவில், சாலையோரம் வரிசையாக இருக்கும் செடிப் பண்ணைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன். நான்காவது பண்ணையில் தண்ணீர் ஊற்றவும் இரவு காவலுக்கும் ஆள் வேண்டும் என்றார்கள். பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையும் உண்டு. சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி, வேறு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

“இங்க லெட்டர் வருமா, ஆன்டி?”

“வரும். ஏன், இந்த வயசுல லவ்வா?”

“கவர்மெண்ட் லெட்டர். ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

“அதுவரைக்கும் இருப்பியா? இங்க வர்றவன் எவனும் நாலு மாசம் தாண்டறதில்ல.”

“இருப்பேன்” என்றேன். முகவரியை ஒரு விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் எழுதி வாங்கி, படம் எடுத்து ஆபிசுக்கு அனுப்பினேன். அதற்குள் ஆன்டி ரப்பர் குழாயை என் கையில் கொடுத்துவிட்டார். காகிதப்பூ வரிசையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.