கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைவு

தையல்காரக்காவின் சாக்கடைத் தீர்மானத்தை எதிர் அணி இன்றைக்குக் கவிழ்க்கப் போகிறதாம். சேர்மன் வீட்டு டிரைவர் சொன்னதாகப் பால்காரர் சொன்னாராம். பால்காரர் மனைவி காலர் கிழிந்த சட்டையோடு சேர்த்து அந்தச் செய்தியையும் தையல் மெஷின்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

தையல்காரக்காதான் அந்த வார்டு கவுன்சிலர். குழாயில் தண்ணீர் இல்லை, விளக்கு எரியவில்லை என்று யார் வந்து புலம்பினாலும் பட்டன் தைத்துக்கொண்டே "உம்" கொட்டுவாள். ஆனால் நகராட்சியில் சேர்மனோ கமிஷனரோ நினைத்தால் மட்டும் தெருவுக்குச் சாக்கடை வந்துவிடாது. கவுன்சிலர்கள் கூடிக் கை தூக்க வேண்டும். இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்தது மழை தொடங்கிய பிறகு. அதற்குள் தெருவில் கட்டில் கால் வரைக்கும் தண்ணீர் நிற்கும்.

எதிர் அணிக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? அவள் அக்கா புருஷன்தான். பக்கத்து வார்டு கவுன்சிலர், பேக்கரிக்காரர். உடனே போனைப் போட்டாள்.

"அத்தான், அக்கா சினிமா சினிமான்னு ஏங்குது. மத்தியானக் காட்சிக்குக் கூட்டிட்டுப் போங்களேன். டிக்கெட் என் செலவு."

"என்ன கொழுந்தியா, திடீர்னு பாசம் பொங்குது?"

"எங்க அக்காமேல எனக்குப் பொங்கக் கூடாதா?"

மத்தியானம் மன்றத்துக்குள் நுழைந்தால் எதிர் வரிசை முழுக்க வெறும் நாற்காலி! அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"உங்க அத்தான் அவரு அணியையே சினிமாவுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாரு," என்றார் பியூன். "தனியா போனா உங்க அக்கா படம் முடியற வரைக்கும் கேள்வி கேட்டே கொன்னுடுவாங்களாம்."

தையல்காரக்கா சிரித்த வாயை மூடுவதற்குள் கமிஷனர் தலைகளை எண்ணி முடித்துவிட்டார்.

"பாதிப் பேராவது இருக்கணும்மா. ஒருத்தர் குறையறாங்க. கொஞ்ச நேரம் பார்ப்போம், வரலைன்னா கூட்டம் தள்ளிவைப்புதான்."

சேர்மன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எதிராளியைத் துரத்தும்போது ஒருத்தரையாவது மிச்சம் வைக்க வேண்டாமா அக்கா?"

அவள் போனோடு ஜன்னல் பக்கம் ஓடினாள். அத்தான் ஒருத்தர் வந்தால் போதும். தனி ஆளாக எதிர்த்துக் கை தூக்கட்டும், காலையும் தூக்கட்டும், சாக்கடை வந்துவிடும்.

அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. "எடுங்க அத்தான். வந்து என்னைத் திட்டிட்டாவது போங்க."

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். பின்னால் கமிஷனர் ஃபைலை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.