மிளகாயோடு காய்ந்த தேயிலை

மாடியில் மிளகாய் காயும் நெடி ஏறினால் ஊரெல்லாம் தும்முகிறது. எனக்கு மட்டும் அந்தத் தேயிலை வில்லை நினைவுக்கு வந்துவிடும்.

ஒதியம்பட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவளின் கணவர் கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு சீனத் துறைமுகத்தில் வாங்கி வந்தது அது. இலையைப் புளிக்க வைத்து, அழுத்தி, வறட்டி போல வட்டமாக்கிக் காகிதத்தில் சுற்றியிருந்தார்கள். பழம்புளியின் கறுப்பு. வருஷம் ஆக ஆகத்தான் ருசி கூடும் என்பார். விடுப்பில் வந்தால் ஞாயிறுதோறும் ஓர் ஓரத்தைப் பெயர்த்துப் போடுவார். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. எனக்கும் ஒரு டம்ளர் வரும். குடித்தால், மழையில் நனைந்த வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

ஓர் ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் கடலூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மீதி வில்லையை என் கையில் வைத்தாள். டப்பாவில் அடைக்கக் கூடாது, எந்த வாடையும் அண்டக் கூடாது, அவர் அப்படித்தான் வைத்திருந்தார் என்றாள். எங்கள் நெல் அறையில் எலி எட்டாமல் கட்டித் தொங்கவிட்டேன்.

தையில் அறையைத் திறந்தால் சுவரெல்லாம் ஈரம். காகிதம் நமுத்திருந்தது. பதறிப்போனேன். ஈரம் பட்ட எதையும் எங்கள் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. நெல்லோ, புளியோ, தலையணையோ, எல்லாமே மாடிக்கு, வெயிலுக்கு. மாடி முழுக்க மிளகாய் பரப்பியிருந்தது. அதன் நடுவிலேயே ஒரு முறத்தில் வைத்தேன். இரண்டு பகல். எடுத்து முகர்ந்தேன். வைக்கோல் இல்லை, மழை இல்லை. மிளகாய்.

மாசியில் அவள் போன் செய்தாள். பிரான்சில் இருக்கும் மகனிடம் போகிறாளாம், ஒரேயடியாக. சென்னைக்குப் போகிற வழியில் வருகிறாள். அவருடைய டீயை, அவர் குடித்த ஊரிலேயே, ஒருமுறை குடித்துவிட்டுப் போக வேண்டுமாம். சரி என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு நாள், அடுப்படிக்கும் நெல் அறைக்குமாக நடந்தேன், வில்லையை எடுப்பதும் முகர்வதும் வைப்பதுமாக. ஒரு மனிதர் விட்டுப்போன ருசியை நானே துடைத்துவிட்டேன்.

வந்தாள். வேன் வாசலில் நின்றது. கோணி ஊசியால் ஓரத்தை நெம்பினேன்; அவரும் அந்த ஊசியால்தான் நெம்புவார். முதல் கொதிநீரில் இலையை அலசிக் கொட்டினேன். இரண்டாவதை டம்ளரில் வடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். இருமினாள். கண்ணில் நீர் கட்டியது.

"இன்னாக்கா, ரசமா இது?"

ஈரம், மாடி, முறம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுரு சட்டையவே மொளகா பக்கத்துலதான் காய வெப்பேன். கப்பல்ல முதுவ சொறிஞ்சிக்கினே சமைக்கிறேன்டினு போன்ல திட்டுவாரு. இன்னொரு தபா ஊத்துக்கா."

ஊற்றினேன். மூன்றாவதில் காரம் தொண்டையில் நின்றது. நான்காவதில் நாக்கு நுனியில் மட்டும். ஐந்தாவது டம்ளரை அவள் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பழைய ருசி வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். அடியில், வெகு அடியில், நனைந்த வைக்கோல். நிஜமாகவே இருந்ததோ, என் பயம் கொண்டுவந்து வைத்ததோ, இன்றுவரை தெரியவில்லை.

டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் வில்லையை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைக் கைப்பைக்குள் வைத்தாள். மறு பாதியை என் கையில் திணித்துவிட்டு வேனில் ஏறினாள்.

"இந்தப் பாதி ஒங்கிட்டயே இருக்கட்டும். வந்து குடிக்கிறேன். அதுக்குள்ள திரும்ப வெயில்ல வெச்சிடாதக்கா."