வெள்ளைப் பல்லுக்குப் போன இடத்தில்

மகள் கல்யாணத்துக்கு முன் பல் கறையைப் போக்கிக்கொள்ள, கணவரோடு மும்பை சயானில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். தாராவிக்கு வாழ வந்ததும் பக்கத்து வீட்டு மராத்திப் பெண்களோடு சேர்ந்து மிஷ்ரி தேய்க்கப் பழகியவள் நான். கருக்கிய புகையிலைப் பொடிதான் அது. பல்பொடி என்றே நினைத்திருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து வெளுத்துக்கொள்வதா, ஜெல் வாங்கி வீட்டில் போடுவதா என்று கேட்டேன். டாக்டரம்மா என் உதட்டை விலக்கி, ஈறில் இருந்த வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் காட்டினார். முதலில் மிஷ்ரியை விடுங்கள், இது மறையாவிட்டால் புற்றுநோயா என்று சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னார்.

வீடு வரும்வரை என் கணவர் என் கையை விடவில்லை.

அன்றே மிஷ்ரியை விட்டேன். திட்டு மெல்ல மறைந்தது. கறை அப்படியேதான் இருந்தது. கல்யாண போட்டோவுக்கு நிற்கும்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தப் போனேன்.

"கையை எடுளா. இந்தப் பல்லோட சிரிச்சாத்தான் எனக்கு நீ" என்றார் என் கணவர்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் மொபைல் டார்ச்சை அடித்து, "ஆ காட்டுளா" என்பார். பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்ன பிறகுதான் இருவருக்கும் காப்பி இறங்கும்.