உஹுருவுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

காலை ஆறு இருபது. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது, பக்கத்து அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பச்சை மையில் ஒரே சொல்: உஹுரு. தொண்ணூறுகளின் நடுவில், புணேயில் எங்கள் ஃபிளாட்டின் தனி வாசல் வைத்த அறையில் தான்சானியாவிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் குடியிருந்தார்.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற என் அப்பா அவரிடம் அர்த்தம் கேட்டார். ஸ்வாஹிலியில் சுதந்திரம் என்றார் மாணவர். அவருடைய தாத்தா காலத்தில் தெருவில் முழங்கிய சொல். வீட்டுக்கு வந்தவரைக் கூச்சமில்லாமல் இருங்கள் என்று உபசரிக்கவும் அதன் வேர்ச்சொல்லைத்தான் சொல்வார்களாம். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. அந்த அறைச் சுவரில் குடியிருப்பவருக்கென்று அப்பா ஒட்டிவைத்திருந்த நிபந்தனைகள் பதினொன்று.

டிசம்பர் ஒன்பது அவர்களுடைய விடுதலை நாள். ஐந்து நண்பர்களை அழைக்கலாமா என்று மாணவர் கேட்டார். தலையசைத்திருந்தால் போதும். அப்பா டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். மாலை நான்கு முதல் ஆறு வரை உஹுரு கொண்டாட இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது. பாட்டு மெதுவாக இருக்க வேண்டும். நகல், தகவலுக்காக, சொசைட்டி செயலாளருக்கு.

சொசைட்டி என்பது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம்; அதன் செயலாளர் அந்த மாணவரை லிஃப்டில் தினமும் பார்ப்பவர். ஆனால் காகிதம் வந்தால் கமிட்டியில் வைத்தாக வேண்டும். வைத்ததும், வாடகைக்கு விடுமுன் நாங்கள் சொசைட்டியின் ஒப்புதல் வாங்கவில்லை என்பது வெளியே வந்தது. டிசம்பர் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. ஜனவரியில் மாணவருக்கு இறுதித் தேர்வு.

அப்பா போய்க் கேட்டார். செயலாளர் உண்மையான வருத்தத்தோடு இந்தியில் சொன்னாராம்: "சாஹேப், நீங்க எழுதாம இருந்தா எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சுபோச்சே."

"வாயால சரின்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார் அம்மா.

"வாயால சொல்றதுக்கு என்னடி மதிப்பு?"

கொண்டாட்டம் நான்கு மணிக்குத் தொடங்கியது. மாணவரும் ஐந்து நண்பர்களும் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்துக் கூடத்துக்கே சரியாகக் கேட்காத குரலில் பாடினார்கள். அப்பாவையும் அழைத்திருந்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஜனவரியில் மாணவர், புணேக்கு வெளியே வேறு அறை கிடைத்த தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் தேர்வுக்கு வந்துபோனார்.